சாமல்பட்டியில் ஐஸ் கட்டிய சித்திரை!

சாமல்பட்டியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சேலம் - ஜோலார்பேட்டை ரயில் பாதையில், ஜன்னலோரத்தில் கொஞ்சம் கண் அசந்தால் தவறிப் போய்விடுகிற ஸ்டேஷன். ஊத்தங்கரைக்குப் பக்கம். 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரித்த கிருஷ்ணகிரி மாவட்டம். பூமிக்கடியில் ஏதோ அபூர்வமான பாறை இருக்கிறதாம், அதனால் ஜியாலஜி படித்தவர்கள் மட்டும் "அடடே, சாமல்பட்டியா!" என்று கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். மற்றவர்கள் "எந்தப் பட்டி?" என்பார்கள். கிரானைட் அறுக்கிற பட்டறைகள், மாந்தோப்பு, வெயில். மூன்றாவது அயிட்டம் மொத்த வியாபாரம்.

இப்பேர்ப்பட்ட ஊரில், சித்திரை மாதம், பகல் இரண்டு மணிக்கு எங்கள் வீட்டு மாடியறையில் ஐஸ் கட்டியது.

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஸ்ப்ளிட் ஏ.ஸி.யின் முன்பக்க மூடியைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே இருக்கிற அலுமினியத் தகடுகள் மேல் வெள்ளை வெளேர் என்று பாதி தூரம் ஐஸ். ரோஜாப் பூ ஜவ்வரிசி ஐஸ் மாதிரி. அறையிலோ அனல். மெஷின் ஓடுகிறது, மீட்டர் ஓடுகிறது, காற்று மட்டும் வரவில்லை. ஐஸைத் தயாரித்துத் தானே வைத்துக்கொண்டு நமக்கு ஒரு சொட்டுக் குளிர்ச்சி தராத கருமித்தனத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை (ஆபீஸ் இன்க்ரிமென்ட் நீங்கலாக).

இந்த ஏ.ஸி. எங்கள் வீட்டுக்கு வந்தது அந்தஸ்துக்காக அல்ல. என் தம்பி பர்கூர் சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறான். வாரம் விட்டு வாரம் நைட் ஷிஃப்ட். ஊரெல்லாம் பல் தேய்க்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்து, ஊரெல்லாம் வேர்க்கிற நேரத்தில் தூங்க வேண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே அறை. மத்தியானம் கான்கிரீட் தளம் தோசைக்கல். இரண்டு நாள் தூக்கம் இல்லாமல் போனவன் மூன்றாம் நாள் ராத்திரி பிரஸ் மெஷினுக்குள் தகட்டை நீட்டுகிறான் என்றால், கூடவே கையும் போய்விடுமோ என்று அம்மாவுக்கு அடிவயிறு கலங்கும். அவன் ஷாப்பில் ஒருவருக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. அதை அவன் ஒரு தடவை சாதாரணமாகச் சொன்னான். அம்மா அடுத்த வாரமே தவணையில் ஏ.ஸி. வாங்க வைத்துவிட்டாள்.

ஆக, அந்த ஐஸ் எங்களுக்குச் சிரிப்புச் சமாசாரம் இல்லை.

முந்தைய இரண்டு கோடையிலும் இதே கதைதான். ஒரு பையன் வருவான். சிலிண்டரை மாட்டுவான். "கேஸ் தீர்ந்துபோச்சு ஸார்" என்பான். பத்து நிமிஷம். இரண்டாயிரத்துச் சொச்சம். ஒரு மாதம் ஜில்லென்று இருக்கும். அப்புறம் பழைய குருடி, கதவைத் திறடி.

'கேஸ் தீர்ந்துபோச்சு' என்ற இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். சமையல் கேஸ் தீரும், எரிகிறது. பெட்ரோல் தீரும், எரிகிறது. ஏ.ஸி.யில் எதுவும் எரிவதில்லை. அதே கேஸ் உள்ளே ஆவியாகிறது, வெளியே மறுபடி திரவமாகிறது, திரும்ப உள்ளே வருகிறது. செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். ஒழுக்கு இல்லாத மெஷினில் அது வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடுவது, அடி ஒழுகுகிற குடத்தில் தண்ணீர் பிடிப்பது. தண்ணீர் பிடிப்பவருக்குக் குடத்துக்கு இவ்வளவு என்று கூலி என்றால், அவர் ஏன் ஓட்டையைப் பற்றிப் பேசப் போகிறார்?

இந்தத் தடவை வந்தவர் வேறு ஆள். ஓசூரில் பல வருஷம் கம்பெனிகளின் பெரிய குளிர் மெஷின்களைப் பார்த்துவிட்டு, வயசான அப்பாவுக்காக ஊரோடு வந்துவிட்டவர். ஐம்பதைத் தொடுகிற வயது. வந்ததும் சிலிண்டரை இறக்குவார் என்று பார்த்தால், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"முதல்ல கம்ப்ரஸரை நிறுத்துங்க ஸார். ஃபேன் மட்டும் ஓடட்டும். ஐஸ் உருகட்டும். உருகாம எதுவும் பாக்க முடியாது."

"எவ்வளவு நேரம் ஆகுங்க?"

"ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். கீழ ஒரு பக்கெட் வைங்க. ஸ்க்ரூடிரைவர் வச்சு யாரும் நோண்டாதீங்க. தகடு ப்ளேடு மாதிரி, குழாய் அதைவிட மெலிசு."

தம்பி அதற்குள் சமையலறை போய்க் கத்தியோடு வந்து நின்றான். திருப்பி அனுப்பினோம்.

மூன்று மணி நேரம் ஒருவரோடு சும்மா உட்கார்ந்திருக்க நேர்ந்தால், கேள்வி கேட்பது என் சுபாவம். ஏன் ஐஸ் கட்டுகிறது?

"ஊட்டியில பருப்பு வேகாது தெரியும்ல ஸார்?" என்று ஆரம்பித்தார்.

தெரியும். உயரமான இடம். காற்றழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்னாலேயே, தொண்ணூற்று மூன்று வாக்கில் கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிரச் சூடு போதாது. பிரஷர் குக்கரில் அதற்கு நேர்மாறு. ஏ.ஸி.யின் மொத்த சூட்சுமமும் இதுதான். உள்ளே ஓடுகிற திரவம், அழுத்தம் குறைந்தால் குறைந்த சூட்டில் கொதிக்கும். சரியான அழுத்தத்தில் அது ஐந்தாறு டிகிரியில் கொதித்து, அறையின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு ஆவியாகிப் போகும். குழாய் மேல் தண்ணீர் வேர்க்கும், சொட்டும், டியூப் வழியாக வெளியே போய்விடும். எல்லாம் சுபம்.

அந்தக் கொதிநிலை பூஜ்யத்துக்குக் கீழே நழுவினால்தான் வம்பு. வேர்வை சொட்டாமல் குழாய் மேலேயே உறையும். அது காற்று போகிற வழியை அடைக்கும். காற்று குறைந்தால் சூடு வராது, சூடு வராவிட்டால் குழாய் இன்னும் குளிரும், இன்னும் ஐஸ். கடன்காரன் வட்டிக்குக் கடன் வாங்குகிற கதை.

சரி, கொதிநிலை ஏன் நழுவுகிறது? பெரும்பாலும் இரண்டே பேர் மேல்தான் சந்தேகம். ஒன்று, காற்று போதவில்லை. இரண்டு, கேஸ் போதவில்லை. வைத்தியம் இரண்டுக்கும் வேறு. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே முகம். கேஸ் போடுகிற பையன்கள் பிழைப்பது இந்த முக ஒற்றுமையில்தான்.

வித்தியாசம் கண்டுபிடிக்க வெளியே இருக்கிற யூனிட்டுக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு செப்புக் குழாய்கள் சேருகின்றன. ஒன்று ஒல்லி, ஒன்று குண்டு. நன்றாக இருக்கிற மெஷினில் இரண்டும் ஜில்லென்று வேர்த்திருக்கும். ஒல்லிக் குழாய் மேல் வெள்ளையாகப் பனி, குண்டுக் குழாய் காய்ந்துபோய் வெதுவெதுப்பு என்றால், கேஸ் குறைவு என்று சந்தேகப்படலாம். உள்ளே ஐஸும் காயில் முழுக்க இருக்காது, குழாய் நுழைகிற மூலையில் மட்டும் கட்டும். மாறாக, குண்டுக் குழாய் மேலேயும் பனி ஏறிக் கம்ப்ரஸர் வரைக்கும் போயிருக்கிறது, உள்ளே காயில் முழுக்கப் போர்வை போர்த்தின மாதிரி ஐஸ் என்றால், காற்றுப் பஞ்சம். "இந்த ரெண்டாவது கேஸ்ல எக்ஸ்ட்ரா கேஸ் போட்டா, அது மெஷினுக்குச் சங்கு" என்றார். ஆவியாகாமல் மிஞ்சின திரவம் கம்ப்ரஸருக்குள் போய், அதன் எண்ணெயைக் கழுவி எடுத்துவிடும். கம்ப்ரஸர் ஆவியை அமுக்கப் பிறந்தது. திரவம் அமுங்காது.

எங்கள் வீட்டில் எந்தக் கேஸ்? அதுதான் விசேஷம். இரண்டும்!

முதலில் ஃபில்டரைக் கழற்றினார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். எதிர்ப்பக்கம் இருந்த நான் அவருக்குத் தெரியவில்லை, அவர் எனக்குத் தெரியவில்லை. சாதாரணத் தூசி இல்லை, கிரானைட் மாவு. எங்கள் தெருக்கோடியில் கல் அறுக்கிற பட்டறை. மாவு மாதிரி நைஸாக வந்து ஈரத்தில் ஒட்டி, சுண்ணாம்பு பூசின மாதிரி இறுகியிருந்தது. குழாயடியில் காட்டி, பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார். (முன்பக்கத்திலிருந்து விட்டால் அழுக்கு வலைக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காருமாம்.) புத்தகத்தில் மாதம் ஒரு தடவை, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்று போட்டிருப்பார்கள். அது பட்டறை இல்லாத தெருக்காரர்களுக்கு. சாமல்பட்டிக்காரர்கள் கோடையில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கழுவலாம், பாவமில்லை.

ஃபில்டரோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் டார்ச் அடித்து உள்ளே காட்டினார். காற்றை வீசுகிற நீள உருளை இருக்கிறதே, அந்தச் சக்கரத்தின் இதழ்கள் வளைவாக இருக்கும். வளைவில்தான் காற்று ஏறும். அந்தக் குழி பூராவும் மாவு அடைத்து, இதழ் தட்டையாகிவிட்டது. கரண்டியில் குழி இல்லாவிட்டால் சாம்பார் எப்படி வரும்? சக்கரம் என்னவோ ஜோராகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. பழைய டூத் பிரஷ் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஒவ்வோர் இதழாகத் தேய்த்தார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு வருஷமாகக் கேஸ் போட்டுவிட்டுப் போன பையன் ஒரு தடவைகூட இந்த மூடியைத் திறக்கவில்லை என்று அந்த அழுக்கே சாட்சி சொல்லிற்று.

ஃபேன் மெதுவாகச் சுற்றினாலும் இதே விளைவுதான். சில மெஷின்களில் கெபாஸிட்டர் தளர்ந்துவிடும். அல்லது சாயங்காலம் வோல்டேஜ் படுத்துவிடும். எங்கள் ஊருக்கு 2001-ல் நூறு மெகாவாட்டுக்கு மேல் தயாரிக்கிற எண்ணெய் மின் நிலையமே வந்தது. அந்தப் பெருமை எங்களுக்கு. அந்த வோல்டேஜ் யாருக்கோ.

சுத்தம் செய்து, மறுபடி ஓடவிட்டார். காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. தம்பி கட்டிலில் விழுந்தான். எல்லாரும் காபி சாப்பிடலாம் என்று அம்மா எழுந்தாள். அவர் எழவில்லை.

"இருங்கம்மா. இன்னும் ஒரு அரை மணி பாக்கணும்."

அரை மணியில் காயிலின் இடது மூலையில் மட்டும், ஒரு கை அகலத்துக்கு வெண்மை படர்ந்தது. மீதிப் பகுதி காய்ந்த நிலம். ஒல்லிக் குழாயில் பனி. கேஸும் குறைவுதான். சோப்புத் தண்ணீரை நுரைத்து ஒவ்வோர் இணைப்பிலும் தடவிக்கொண்டே போனார். வெளி யூனிட்டில் குண்டுக் குழாயின் நட்டில், பொறுமையாக ஒரு குமிழி பூத்தது. உடைந்தது. இன்னொன்று பூத்தது. இரண்டு கோடைப் பணமும் அந்தக் குமிழி வழியாகத்தான் போயிருக்கிறது. நட்டைச் சுற்றி லேசாக எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தது. கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் கசியும். ஆகவே பைப் இணைப்பில் எண்ணெய்க் கறை கண்டால் அதுதான் திருடனின் கால் தடம்.

இருக்கிற கேஸை ஒரு காலி சிலிண்டருக்குள் வாங்கிக்கொண்டு, செப்புக் குழாயின் வாயை வெட்டிப் புதிதாக விரித்து, நைட்ரஜன் அடைத்து, கசிகிறதா என்று பார்த்து, வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தார். அப்புறம்தான் சிலிண்டர் வந்தது. அதை எடுத்துத் தராசு மேல் வைத்தார்.

தராசு எதற்கு? மளிகைக் கடையா?

வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கிற தகட்டைப் பாருங்கள். என்ன கேஸ், எத்தனை கிராம் என்று அச்சடித்திருக்கும். அதைத்தான் நிறுத்துப் போட வேண்டும். மீட்டரைப் பார்த்துப் போடுகிறவர்கள் சிக்கலில் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. பழைய மெஷின்களில் ஆர்-22 என்ற கேஸ். அதில் உறிஞ்சு பக்கத்தில் அறுபது, எழுபது பவுண்டு காட்டினால் சரி என்று ஒரு தலைமுறை மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம். ஓஸோன் படலத்தை அரிக்கிறது என்பதால் 1987-ல் வந்த மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் அதைப் படிப்படியாக ஒழித்துக்கொண்டு வருகிறார்கள். இப்போது வருகிற மெஷின்களில் பெரும்பாலும் ஆர்-32. இதில் நூறு பவுண்டைத் தாண்டினால்தான் கொதிநிலை பூஜ்யத்துக்கு மேலேயே வரும். பழைய மனப்பாடத்தில் எழுபதில் நிறுத்தினால், உள்ளே மைனஸ் பத்து டிகிரி! புதுசாகக் கேஸ் போட்ட அன்றைக்கே ஐஸ் கட்டுகிற மர்மம் இதுதான். இன்னொன்று, ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய சரக்கு. சமையல் கேஸ் மாதிரி சட்டென்று பற்றாது, ஆனால் பற்றும். அடைத்த அறையில் அதைத் திறந்துவிட்டுக்கொண்டு பற்றவைப்புக் கருவியைக் கொளுத்துகிற சூராதி சூரர்களை உடனே படியிறக்கி அனுப்பிவிடுங்கள். பழைய ஆர்-22 மெஷினில் ஆர்-32வைப் போடுகிறேன் என்பவர்களையும்தான்.

நிறுத்துப் போட்டு முடித்தபோது சாயங்காலம். பழைய பையனின் இரண்டு வருஷக் கணக்கோடு ஒப்பிட்டால், இவர் வாங்கினது குறைவு.

இடையில் ஒரு சமாசாரம் விட்டுவிட்டேன். காபி சாப்பிடும்போது "ஒண்ணரை டன்னுன்னா என்னங்க, இந்தப் பெட்டி ஒண்ணரை டன் இருக்குமா?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. ஏ.ஸி. வருவதற்கு முன்னால் குளிர்ச்சி என்றால் ஐஸ்தான். ஒரு டன் ஐஸ் இருபத்துநாலு மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு சூட்டை விழுங்குமோ அதுதான் ஒரு டன். அமெரிக்க டன், 907 கிலோ. சென்னை கடற்கரையில் இப்போது விவேகானந்தர் இல்லமாக இருக்கிற கட்டடம், 1842 வாக்கில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைப் பத்திரப்படுத்தக் கட்டினதுதான். அதனால்தான் அந்தப் பக்கத்துக்கு இன்றைக்கும் ஐஸ் ஹவுஸ் என்று பெயர். ஏரியில் உறைந்ததை வெட்டி, மரத்தூளில் பொதித்து, உலகத்தைச் சுற்றிக் கொண்டுவந்து வெள்ளைக்காரத் துரைகளின் டம்ளரில் போட்டிருக்கிறார்கள். எங்கள் மாடியறையில் இலவசமாகக் கட்டினதைப் பார்த்திருந்தால் கப்பல்காரர் கடையை மூடியிருப்பார்.

ஏ.ஸி.யே மனுஷனுக்காகக் கண்டுபிடித்தது இல்லை என்பது அதைவிட வேடிக்கை. 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம். காற்றில் ஈரம் ஏறி இறங்கினால் காகிதம் நீளும், சுருங்கும். ஒரு வர்ணத்தின் மேல் அடுத்த வர்ணம் சரியாக உட்காராது. (சிவகாசிக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.) காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்த வில்லிஸ் கேரியர் என்ற இருபத்தைந்து வயது இன்ஜினீயர் போட்ட திட்டம்தான் இன்றைய ஏ.ஸி.க்குத் தாத்தா. ஜில்லென்ற குழாயில் காற்றை மோதவிட்டு ஈரத்தைப் பிழிந்தார். எங்கள் காயிலில் ஐஸாக நின்றதும் அதே ஈரம்தான்.

பதினாறு டிகிரி பைத்தியத்தையும் சொல்லிவிட வேண்டும். பதினாறு வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று தம்பி உட்படப் பலருக்கு நம்பிக்கை. சாதாரண மெஷின் எந்த எண்ணை வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். பதினாறு என்றால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். நிற்காமல் ஓடினால் லேசாகக் கட்டின பனி உருக நேரமே கிடையாது. ஸ்டார் முத்திரை போட்ட ஏ.ஸி.கள் 2020 ஜனவரி முதல், போட்டவுடன் இருபத்துநாலில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி. தம்பியிடம் இருபத்துநாலும் மேலே ஃபேனும் என்று பேரம் பேசி முடித்திருக்கிறோம். நைட் ஷிஃப்ட் வாரத்தில் இப்போது பத்து மணிக்குப் படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுகிறான்.

மெக்கானிக் கிளம்பும்போது, கூட்டத்தோடு கூட்டமாக நின்ற எதிர்வீட்டுக்காரர் மெல்லப் பக்கத்தில் வந்தார். பெங்களூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு ஓசூரில் வீடு.

"என் பையன் வீட்டுல மார்கழியிலயே ஐஸ் கட்டுது. அது எப்படி?"

"மார்கழியில எதுக்கு ஸார் ஏ.ஸி.?"

"ஃபேன் போட்டா சத்தமாம். ஜன்னலைத் திறந்தா கொசுவாம்."

ஓசூர் மேட்டு நிலம். மார்கழி ராத்திரியில் வெளியே பதினைந்து டிகிரிக்கு இறங்கிவிடும். சாதாரண ஏ.ஸி.கள் வெளியே வெயில் இருக்கும் என்று நம்பிச் செய்தவை. வெளி யூனிட் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் விழும், கொதிநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும், ஐஸ். ஃபில்டரும் சுத்தம், கேஸும் சரி, மெஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

"அதுக்கு என்ன செலவாகும்?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர், பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே.

"கொசுவலை இருநூத்தம்பது ரூபாயிலருந்து இருக்கு ஸார்" என்றபடி மெக்கானிக் வண்டியை உதைத்தார்.